அடிநாதம் எங்கே தொலைகிறது? – பேஸ் பெடல் கேள்வி–பதில்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் (அடிநாதக் கிட்டார்) வாசிக்கிறேன். இபனெஸ் டிஎஸ்9 ஓவர்டிரைவ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டி) ஒன்று கைக்கு வந்தது. லீட் கிட்டாருக்கு அருமையாக இருக்கிறது. என் பேஸில் மிதித்தால் அடிநாதமே காணோம். “பேஸுக்கென்று தனியாக ஒன்று வாங்குங்கள்” என்கிறார்கள். இதையே மாற்ற முடியாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாக முடியும். சில ரூபாய் விலையில் ஒரே ஒரு கப்பாசிட்டர் போதும். ஆனால் எதை, ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள். வேறு எந்தப் பெடலைத் திறந்தாலும் இதே கணக்குதான் கைகொடுக்கும்.

பெடலுக்குள் ஒலியைப் பெருக்கும் ஐசியின் (எட்டுக் கால் கொண்ட சிறு சில்லு) 2-ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதோடு தொடராக 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றும் கிரவுண்டுக்குப் போகின்றன. அடிநாதத்தை ஒதுக்கிவைப்பது இந்த ஜோடிதான். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒதுக்குகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு: ரெசிஸ்டரைக் கிலோ ஓமிலும் கப்பாசிட்டரை மைக்ரோஃபாரடிலும் எடுத்துப் பெருக்கி, வரும் விடையால் 159-ஐ வகுங்கள். இங்கே 159 ÷ (4.7 × 0.047) = சுமார் 720 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். டிரைவை முழுக்கத் திருப்பினால் நடு ஒலிகள் நூறு மடங்குக்கு அருகில் பெருகும். 41 ஹெர்ட்ஸ் ஏழு மடங்கு மட்டுமே பெருகும். ஆக, அடிநாதம் அழிவதில்லை. பெருகிய நடு ஒலிகளுக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. சத்தம் அதிகம் என்று நீங்கள் லெவலைக் குறைக்கும்போது அதுவும் சேர்ந்து குறைகிறது.

அந்த 0.047-க்குப் பதில் 0.22 போட்டால் எல்லை 154 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 41 ஹெர்ட்ஸுக்கு முப்பது மடங்கு பெருக்கம் கிடைக்கும். 0.47 போட்டால் 72 ஹெர்ட்ஸ். 1 மைக்ரோஃபாரட் வரை போகலாமே என்று தோன்றும், போகாதீர்கள். ஒலியை நசுக்கிக் கரகரப்பாக்கும் டயோடுகள் முழுவதையும் ஈ கம்பியின் அடிப்படைச் சுருதியே பிடித்துக்கொள்ளும். அதோடு வாசிக்கும் மற்ற சுரங்கள் தெளிவில்லாமல் கொழகொழத்துவிடும். வடிவமைத்தவர்கள் இந்த எல்லையை உயரத்தில் வைத்ததற்கும் இதுதான் காரணம். அதை முற்றிலும் நீக்காமல் கீழே இறக்குவதே சரி. 0.22-இல் தொடங்குங்கள்.

வேலையைப் பழையதைக் கழற்றாமலே செய்யலாம். முதலில் பேட்டரியையும் அடாப்டரையும் எடுத்துவிடுங்கள். மஞ்சள்–ஊதா–சிவப்பு வளையம் போட்ட ரெசிஸ்டரைக் கண்டுபிடித்து, அதன் ஒரு முனை ஐசியின் 2-ஆம் காலோடு சேர்கிறதா என்று மல்டிமீட்டரின் ‘பீப்’ நிலையில் உறுதிசெய்யுங்கள். மறுமுனையில் இருப்பதுதான் நம் கப்பாசிட்டர். போர்டைத் திருப்பி, அதன் இரண்டு ஈயப் புள்ளிகளுக்கு நடுவே 224 என்று அச்சிட்ட பாலியெஸ்டர் கப்பாசிட்டரை இணையாகப் பற்றவையுங்கள். இணையாக வைத்தால் மதிப்புகள் கூடும்: 0.267 மைக்ரோஃபாரட், எல்லை 127 ஹெர்ட்ஸ். பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம், பெடல் பழையபடி இருக்கும். சால்டரிங் அயனை ஒரு புள்ளியில் மூன்று விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். பழைய போர்டுகளில் செம்புத்தகடு உரிந்து வந்துவிடும்.

கேள்வி: ஃபஸ் பெடல் (ஒலியை மிகவும் கரகரப்பாக்குவது) ஒன்றைச் சொந்தமாகக் கட்டி, சுத்தமான ஒலியும் கலந்து வருமாறு பிளெண்ட் கண்ட்ரோல் வைத்தேன். ஒரு கோடியில் சுத்தம், மறுகோடியில் ஃபஸ், இரண்டும் நன்றாக இருக்கின்றன. நடுவில் வைத்தால் ஒலி மெலிந்து அடிநாதம் போய்விடுகிறது. இணைப்பு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் தெளிவானது. இரண்டு பாதைகளில் ஒன்று தலைகீழாக வருகிறது. ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்குவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஃபஸ் புதிதாக உண்டாக்கிய மேல் ஒலிகளுக்குச் சுத்தமான பாதையில் ஜோடி கிடையாது, அவை தப்பிக்கும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் அடிநாதம்தான் முதலில் பலியாகிறது.

உங்கள் சுற்றில் ஒலியைத் தலைகீழாக்கும் படிகள் எத்தனை என்று எண்ணுங்கள். டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ் (base; கிட்டார் பேஸ் அல்ல), கலெக்டர் என்று மூன்று கால்கள். எமிட்டர் கிரவுண்டு பக்கம் இருந்து, கலெக்டரிலிருந்து ஒலி எடுக்கும் டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு முறை புரட்டும். எமிட்டரிலிருந்து ஒலி எடுக்கும் பஃபர் (ஒலியைப் பெருக்காமல் அடுத்த படிக்குக் கடத்தும் சுற்று) புரட்டாது. ஐசியின் மைனஸ் காலுக்குள் ஒலி நுழைந்தால் புரளும். பிளஸ் காலுக்குள் நுழைந்தால் புரளாது. ஒற்றைப்படையாக வந்தால் சிக்கல், இரட்டைப்படையாக வந்தால் நல்லது. ஒரே டிரான்சிஸ்டர் கொண்ட பூஸ்டர் புரட்டும். இரண்டு டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் ஃபேஸ் பெடல் புரட்டாது. நான்கு டிரான்சிஸ்டர் பிக் மஃப்பும் புரட்டாது. டிஎஸ்9, ராட் ஆகிய பெடல்களும் புரட்டாதவையே.

ஒற்றைப்படை என்றால், ஃபஸ் முடியும் இடத்தில் டிஎல்072 ஐசியின் ஒரு பாதியை வைத்து இன்னொரு முறை புரட்டிவிடுங்கள். ஒலி ஒரு கப்பாசிட்டர் வழியாகவும், தொடர்ந்து 100 கிலோ ஓம் வழியாகவும் மைனஸ் காலுக்கு. வெளியீட்டிலிருந்து மைனஸ் காலுக்கு இன்னொரு 100 கிலோ ஓம். பிளஸ் கால் 4.5 வோல்ட்டுக்கு (9 வோல்ட்டில் பாதி). பெருக்கம் ஒன்று, திசை எதிர். அந்தக் கப்பாசிட்டரை 0.1 என்று வைத்தால் எல்லை 16 ஹெர்ட்ஸ், போதுமானது. 0.01 போட்டால் 159 ஹெர்ட்ஸ். அங்கேயே பேஸ் போய்விடும்.

புரட்டல் சரியான பிறகும் ஒலி கொஞ்சம் மெலிந்தால் காரணம் வேறு. ஒவ்வொரு கப்பாசிட்டரும் தன் எல்லை அதிர்வெண்ணில் ஒலியை 45 டிகிரி நகர்த்தும். ஃபஸ் பாதையில் அப்படி மூன்று நான்கு இருந்து, எல்லைகள் எல்லாம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், அடிநாதம் மறுபடி தலைகீழாகவே வந்து சேரும். அந்தக் கப்பாசிட்டர்களின் எல்லையை 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்குங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: பேஸ் ஜாக்கிலிருந்து நேரடியாக இரண்டாகப் பிரிக்கக் கூடாது. முன்னால் டிஎல்072-இன் மறுபாதியை பஃபராக வைத்து, அதன் வெளியீட்டிலிருந்து பிரியுங்கள். இல்லையென்றால் ஃபஸ்ஸின் குறைந்த உள்ளீட்டுத் தடை சுத்தமான பாதையின் மேல் ஒலிகளையும் இழுத்துக்கொள்ளும். ஃபஸ் ஃபேஸ் வகைக்கு மட்டும் முன்னால் பஃபர் வந்தால் குணம் மாறி ஒலி கரகரக்கும். பஃபருக்கும் அதற்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் அது பெரும்பாலும் தணியும்.

கேள்வி: பேட்டரியில் ஓடும்போது பெடல் அமைதியாக இருக்கிறது. அடாப்டர் போட்டால் தொடர்ந்து இரைச்சல். சிலர் மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அந்த முனையைத் தொடாதீர்கள். அது எர்த். ஆம்பிளிஃபயருக்குள் மின்கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாத நிலையில் அந்த மின்சாரம் உங்கள் பேஸின் கம்பிக்கு வரும். கம்பியைத் தொட்டபடி பாடுபவரின் உதடு மைக்கில் பட்டால் அவர் வழியாகப் போகும். உயிர் போகும் விஷயம் இது.

பேட்டரியில் இரைச்சல் இல்லை என்று நீங்களே பார்த்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. குற்றவாளி அடாப்டரின் மின்சாரம்தான், அல்லது அந்த அடாப்டரையே பல பெடல்களுக்குப் பகிர்வது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் மிச்சமிருக்கும் அலை 100 ஹெர்ட்ஸ். பேஸ்காரர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு: கீழேயுள்ள ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஸ்தாயி ஜி 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் ஜி சுரத்தைவிட 35 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதலாகக் கூடவே பாடும். டி கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டையோ திறந்த ஜி கம்பியையோ வாசித்து, ஒலியை நீளவிட்டுக் கேளுங்கள். விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கினால் அது 100 ஹெர்ட்ஸ் மின்சார அலையேதான். ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் விநாடிக்கு ஒரு முறை என்றால் 50 ஹெர்ட்ஸ். அதற்கு எர்த் சுழற்சியையோ (இரு கருவிகள் இரண்டு வழிகளில் எர்த்தோடு இணைவது) கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

100 ஹெர்ட்ஸுக்கு மருந்து எளிது. அடாப்டர் ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் பிளஸ் வயரில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் போர்டு பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். நம் 159 கணக்கில் எல்லை 16 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் அலை ஆறில் ஒரு பங்குக்குக் குறையும். பெடல் 5 மில்லி ஆம்பியர் இழுத்தால் அந்த ரெசிஸ்டரில் அரை வோல்ட் போகும், பரவாயில்லை. டிஜிட்டல் டிலே போல 50 மில்லி ஆம்பியர் இழுப்பதற்கு இது ஆகாது. ஐந்து வோல்ட் அங்கேயே போய்விடும். மேடையில் மிக்ஸருக்கும் ஆம்புக்கும் இடையில்தான் இரைச்சல் என்றால், டிஐ பெட்டியின் (பேஸை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) ‘கிரவுண்ட் லிஃப்ட்’ ஸ்விட்சைப் போடுங்கள். எர்த் முனை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டர் பிளக் சரியாகப் பொருந்தியதால் பெடலில் செருகிவிட்டார்கள். அதன் பிறகு பெடல் பேச்சு மூச்சில்லை. சரிசெய்ய முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் முடியும். பெடல்களில் பிளக்கின் நடு முனை மைனஸ். ரவுட்டர் அடாப்டர்களில் நடு முனை பிளஸ், அதுவும் பெரும்பாலும் 12 வோல்ட். பிளக் அளவு ஒன்றாக இருப்பதால் இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது.

பல பெடல்களில் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1என்4001 டயோடு ஒன்று காவலுக்கு நிற்கும். தலைகீழ் மின்சாரம் வந்தால் அது தன் வழியாகத் திருப்பிவிட்டு, சூடேறி, கடைசியில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடும். மின்சாரம் எதுவும் இல்லாத நிலையில் டிசி ஜாக்கின் இரு முனைகளுக்கும் நடுவே மீட்டரை வைத்து, முனைகளை மாற்றியும் பாருங்கள். இரு பக்கமும் ‘பீப்’ அடித்தால் டயோடின் ஒரு காலை மட்டும் கழற்றுங்கள். ஷார்ட் போய்விட்டால் விஷயம் முடிந்தது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, ஜாக்கிலிருந்து வரும் பிளஸ் வயரில் 1என்5817 டயோடைத் தொடராகப் போடுங்கள்; வெள்ளை வளையம் போர்டு பக்கம் இருக்க வேண்டும். கால் வோல்ட் குறையும், ஆனால் அடுத்த முறை யார் இதுபோன்ற அடாப்டரைத் தலைகீழாகச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. உப்பியிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களையும் மாற்றிவிடுங்கள்.

அதன் பிறகும் ஒலி வரவில்லை என்றால் ஐசியின் வோல்ட்டேஜைப் பாருங்கள். டிஎல்072, 4558 போன்ற எட்டுக் கால் ஐசிகளில் 8-ஆம் காலில் 9 வோல்ட், 4-ஆம் காலில் 0, மற்ற ஆறிலும் சுமார் 4.5 இருக்க வேண்டும். 1 அல்லது 7-ஆம் கால் 8 வோல்ட்டிலோ 1 வோல்ட்டிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் ஐசி போயிருக்கலாம். இங்கே மீட்டரே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மலிவான மஞ்சள் நிற டிடி830 வகை மீட்டரின் உள்தடை 1 மெகா ஓம். 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக 4.5 வோல்ட் பெறும் காலில் அதை வைத்தால் பாதிதான், அதாவது 2.25 தான் காட்டும். அதைப் பார்த்து நல்ல ஐசியைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். 10 மெகா ஓம் மீட்டரில் அதே இடம் 4.1 காட்டும். எனவே உள்ளீட்டுக் காலை நம்பாமல், வெளியீட்டுக் கால்களான 1, 7 இரண்டையும் பார்த்தே முடிவெடுங்கள்.

வோல்ட்டேஜ் எல்லாம் சரி, ஒலி மட்டும் இல்லையா? பழைய கிட்டார் வயர் ஒன்றை நறுக்கி, உள் வயரின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைப் பற்றவையுங்கள். வெளிச் சல்லடை வயரில் முதலைக் கிளிப் போட்டுப் பெடலின் கிரவுண்டில் மாட்டுங்கள். மறுமுனை ஆம்புக்கு, வால்யூம் மிகக் குறைவாக. பெடலின் உள்ளீட்டில் ஃபோனிலிருந்து தம்புரா ஆப்பை ஓடவிடுங்கள். நிற்காத ஒலி இதற்கு வசதி. கப்பாசிட்டரின் வெறும் காலால் உள்ளீட்டு ஜாக், ஸ்விட்ச், முதல் கப்பாசிட்டரின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், டிரான்சிஸ்டரின் பேஸ் கால் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒலி கேட்கும் கடைசிப் புள்ளிக்கும் கேட்காத முதல் புள்ளிக்கும் நடுவில்தான் கோளாறு. பேட்டரிப் பெடல்களுக்கு மட்டுமே இந்த முறை. வால்வ் ஆம்புக்குள் இந்த வயரைக் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: கண்ட்ரோலைத் திருப்பும்போதெல்லாம் கர்கர் என்ற சத்தம். காண்டாக்ட் கிளீனர் அடித்தும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கடற்காற்று ஊரில் அழுக்கும் துருவும் சகஜம்தான். ஆனால் ஒரு வாரத்தில் திரும்பினால் கண்ட்ரோல் மீது தவறு இல்லை. அதன் மூன்று கால்களையும் கிரவுண்டோடு ஒப்பிட்டு டிசி நிலையில் அளந்து பாருங்கள். வால்யூம் கண்ட்ரோலில் பூஜ்யம் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அதற்கு முன்னால் உள்ள கப்பாசிட்டர் கசிகிறது. அதை மாற்றுங்கள், சத்தம் போய்விடும். ஃபஸ் ஃபேஸ் வகையின் ஃபஸ் கண்ட்ரோல் மட்டும் விதிவிலக்கு. அதன் வழியாக டிரான்சிஸ்டரின் மின்சாரமே ஓடுவதால் புதிதாக இருக்கும்போதும் கொஞ்சம் கரகரக்கும்.

கேள்வி: ஃபஸ் கிட்டில் 2என்5088 டிரான்சிஸ்டர் கேட்கிறார்கள். ரிச்சி தெருவில் பிசி549சி தான் கிடைத்தது. போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: போடலாம், பெருக்கம் ஏறத்தாழ அதே வரிசையில்தான் இருக்கும். ஆனால் திருப்பிப் போட வேண்டும். தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் 2என்5088-இல் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி549-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். போர்டில் அச்சிட்டிருக்கும் வடிவத்துக்கு எதிர்த்திசையில் செருகினால் சரியாகிவிடும். அப்படியே செருகினாலும் மெல்லிய ஒலி வரும் என்பதால், தவறு வெளியே தெரியாமல் பல மணி நேரம் வீணாகும்.

கேள்வி: கிட்டார் வாவா பெடலை (மிதிக்க மிதிக்க ஒலி ‘வா வா’ என்று மாறுவது) பேஸுக்கு இறக்க முடியுமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: கிரை பேபி வகையில் மிதிக்கும்போது ஒலி எங்கிருந்து எங்கே நகரும் என்பதை காயில் எனும் கம்பிச்சுருளும் 0.01 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. இங்கே 159 கணக்கு செல்லாது. காயில் இருப்பதால் கப்பாசிட்டரின் வர்க்கமூலப்படிதான் அதிர்வெண் இறங்கும். 0.022 போட்டால் அதிர்வெண் ஒன்றரையால் வகுபடும், 0.033 போட்டால் 1.8-ஆல் வகுபடும். முழு ஒரு ஸ்தாயி இறக்க 0.04 பக்கம் வேண்டும். பேஸுக்கு 0.033 இதமாக இருக்கும். உள்ளீட்டிலும் ஒரு 0.01 கப்பாசிட்டர் இருக்கும், அதை 0.047 ஆக்குங்கள். பெடல் அணைந்திருக்கும்போதும் ஒலி மங்கினால் காரணம் இவை அல்ல. பழைய மாடல்களில் அணைத்த பிறகும் உள்ளீடு சுற்றோடு ஒட்டியே இருக்கும். 3பிடிடி ஸ்விட்ச் (ஒரே மிதியில் மூன்று இணைப்புகளை மாற்றுவது) போட்டு முழுதாக விலக்கினால் தீரும்.

கேள்வி: என் பேஸில் ஆக்டிவ் பிரீஆம்ப் (பேட்டரியில் ஓடும் உள் பெருக்கி) இருப்பதால் பெடல் சீக்கிரம் உடைந்த ஒலி தருகிறது. 9 வோல்ட்டுக்குப் பதில் 18 வோல்ட் கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: திறந்து பார்க்காமல் கொடுக்காதீர்கள். முதலில் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களின் மேல் அச்சிட்ட வோல்ட்டைப் படியுங்கள். 10 அல்லது 16 என்றால் 25 வோல்ட் வகைக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த பேச்சு. டிஎல்072, 4558 இரண்டும் 18 வோல்ட்டைத் தாங்கும். டிசி1044, மேக்ஸ்1044 என்று எழுதிய எட்டுக் கால் ஐசி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது வோல்ட்டேஜைப் புரட்டும் அல்லது இரட்டிப்பாக்கும் ஐசி. 18 வோல்ட் கொடுத்தால் உடனே போய்விடும்.

18 வோல்ட்டில் சுத்தமான பூஸ்டரும் பிளெண்டும் தாராளமாக மூச்சுவிடும். டயோடு வைத்து ஒலியை நசுக்கும் ஓவர்டிரைவில் பெரிய மாற்றம் தெரியாது. நசுக்கும் எல்லையை டயோடுகள்தான் தீர்மானிக்கின்றன, மின்சாரம் அல்ல. அதற்கு உள்ளீட்டில் அளவைக் குறைப்பதே மேல்: ஜாக்கிலிருந்து 100 கிலோ ஓம் தொடராகவும், அதன் பிறகு 47 கிலோ ஓம் கிரவுண்டுக்கும் போட்டால் ஒலி மூன்றில் ஒரு பங்காகும். ஆக்டிவ் பேஸின் வெளியீட்டுத் தடை குறைவு என்பதால் இந்தப் பாரத்தைத் தாங்கும். பாசிவ் பேஸும் (உள் பெருக்கி இல்லாதது) இதே பெடலில் மாட்டுவீர்கள் என்றால், சிறு ஸ்விட்ச் ஒன்றை வைத்து இரு ரெசிஸ்டர்களையும் விலக்கும்படி செய்யுங்கள். 147 கிலோ ஓம் பாரத்தில் பாசிவ் பிக்கப்பின் மேல் ஒலிகள் மங்கிவிடும்.